இரண்டாம் முடிச்சு

ரங்கூனில் ஆறாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
புது கிராஃபிக்ஸ் கார்டை மாட்டிய ஞாயிறு முதல்
பவுனாம்பாள் கல்யாணம் முடியமாட்டேன் என்கிறது.

மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறான்.
நாத்தனார் விரல் இரண்டாவதற்கு வளைகிறது.
அங்கே நின்றுவிடுகிறது.
கெட்டிமேளம் ஒற்றை ஓசையாகி
தகரத்தை இழுத்த மாதிரி நீள்கிறது.
மவுஸை ஆட்டினால் அம்பு ஆடாது.
சில நாள் அந்த மரியாதைகூட இல்லை,
திரை கறுத்து, அணைந்து, தானே எழுந்து
விண்டோஸ் நல்வரவு சொல்கிறது
ஒன்றும் அறியாத முகத்தோடு.

பதிவேட்டைத் திறந்தேன். பிழை எண் நாற்பத்தொன்று.
முறையாக நிறுத்தப்படாமல் நின்றது, என்றது.
அது எனக்கே தெரியும்.

டிரைவரைத் துடைத்துவிட்டுப் பழையதைப் போட்டேன்.
மெமரி குச்சிகளைக் கழற்றி
அவற்றின் தங்கப் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து
ஒன்றை மட்டும், பிறகு மற்றதை மட்டும்.
சூடு பார்த்தேன், அறுபத்தொன்று.
மே மாதத்து இந்த அறையில்
என்னைவிட அது சௌக்கியம்.

மௌல்மீனிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் ஃபோன்:
"தம்பி, தாலி கட்டியாச்சா?"
"ஒரு முடிச்சு ஆச்சும்மா."

மதியம் ஒரு மணிக்கு மின்சாரம் வரும்.
மீ லா பீ! என்று தெருவே கத்தும்.
நானும் கத்திவிட்டு
முதல் காட்சியிலிருந்து, பிள்ளையார் பூசையிலிருந்து,
மறுபடி தொடங்குவேன்.
இரண்டாம் முடிச்சில் மறுபடி நிற்பேன்.
அந்த நாத்தனார் மேல்
எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, சொன்னால் வெட்கம்.
கண் கொஞ்சம் ஒரு மாதிரிதான் அவளுக்கு.

புதன்கிழமை அவளை வெட்டி எடுத்து ஓரமாய் வைத்துவிட்டு
பந்தியிலிருந்து தொடங்கினேன்.
மாமாக்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள்,
இன்னும் சில மாமாக்கள் உட்கார்ந்தார்கள்.
பாயச வாளி மூன்றாம் இலை மேல் சாய்ந்தபடி
உறைந்தது.
சுவரைப் பார்த்தேன். இரண்டு பத்து.
நேற்று? நேற்றும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

வியாழக்கிழமை திரைக்கு முதுகைக் காட்டி
பல்பைப் பார்த்து உட்கார்ந்தேன், பைத்தியக்காரன் போல.
இரண்டு பத்து.
கீழ்த்தளத்தில் டோ கின் ஹ்லா தூக்கம் கலைந்து
மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போடுகிறார்.
பல்பு ஒரு நொடி நோயாளியாகிறது.
ஃபேனின் இறக்கைகளை எண்ணலாம்.
பின்னால் கெட்டிமேளம்
தகரமாகிவிட்டது.

திரும்பிப் பார்க்கவே இல்லை.
பக்கப் பலகையைக் கழற்றினேன்.
மூலையில் கிடக்கிறது பழைய பவர் சப்ளை,
தூசி அப்பிய சீட்டில் முன்னூறு வாட்.
புது விருந்தாளியின் பசியை
யாரும் அதனிடம் கேட்கவில்லை, நானும்தான்.
மின்சாரம் நிறைந்திருக்கும்வரை
பல்லைக் கடித்துச் சமாளித்திருக்கிறது பாவம்.

ஆறு மாடி இறங்கிப் போய்
மோட்டாரை மூன்று மணிக்குப் போடலாமா என்றேன்.
டோ கின் ஹ்லா தனாக்கா பூசுவதை நிறுத்தவில்லை.
"உன் கல்யாணத்துக்காக
இந்தக் கட்டடம் குளிக்காமல் இருக்கணுமா?"
பதில் இல்லை என்னிடம்.

எதிர்க்கடை கோ ஸோ அறுநூற்றைம்பது வாட் ஒன்றை
பாதி விலைக்குத் தந்தான், மீதி வீடியோ விற்றபின்.
படியேறி வர அவனுக்கு முழங்கால் ஒத்துழைக்காது.
பால்கனியிலிருந்து பேப்பர் இழுக்கிற கயிற்றில்
கிளிப்பை எடுத்துவிட்டுக் கூடையைக் கட்டி
மாடி மாடியாய் இழுத்தேன்.
நாலாம் மாடிக் கொடியில் ஒரு லுங்கியும் கூட வந்தது.

வெள்ளிக்கிழமை, இரண்டு பத்து.
மோட்டார் உறுமியது. பல்பு மங்கியது.
பெட்டியின் தலைமேல் என் உள்ளங்கை.
இரண்டாம் முடிச்சு.
மூன்றாம் முடிச்சு.

அதற்குப் பிறகு என்ன என்று
எனக்கே தெரியாது, படம் பிடித்தது என் தம்பி.
அட்சதை மழை ஓய்ந்ததும் பவுனாம்பாள்
வாயைப் பொத்திக்கொண்டு பெரிதாய்க் கொட்டாவி விடுகிறாள்.
நாத்தனார் அதைப் பார்த்து, தானும் ஒன்று.
வெட்டலாமா என்று கை போனது.
விட்டுவிட்டேன்.